நாய்க்குச் சரிவந்த பீட்டா தடுப்பி மனிசருக்கும் சரிவருமா?

கல்முனை டீச்சர் | ஞாயிறு இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஏஎல் புள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன். இந்தக் கிழமை இதயமும் அதிரினலினும் நடந்தது. இதயத்தில அதிரினலினின்ர வேலையை மறிக்கிற அற்றனலோல், புரொப்பிரனலோல் போன்ற பீட்டா தடுப்பிகளைப் பற்றிச் சொல்லி, "பிரஷருக்கு மட்டுமில்ல, ஒழுங்கில்லாத துடிப்புக்கும் இதைக் குடுப்பாங்க, முதல்ல விலங்குகளில சோதிச்சவங்க" எண்டு முடிச்சன். பின்வாங்கில இருந்து ஒரு புள்ள எழும்பி, "சுகமா இரிக்கிற நாய்க்குத் துடிப்புப் பிசகாதே டீச்சர், பிறகெப்படிச் சோதிச்சவங்க?" எண்டு கேட்டா.

புத்தகத்தில இதுக்கு ஒரு வரியும் இல்ல. விளங்கினவங்க கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு அரைகுறையாப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்ல.

வாவிக்கரையான் | ஞாயிறு இரவு 10.15

டீச்சர், அந்தப் புள்ளையைப் பாராட்டினதாச் சொல்லுங்க. இந்த விசயம் முழுக்க அந்தக் கேள்வியிலதான் தங்கியிரிக்கு. நான் மருந்தியல் படிச்சவன், கொஞ்சக் காலம் ஆய்வுகூடத்திலயும் வேலை செய்தவன். அதால நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்க.

வரலாற்றைச் சுருக்கமாச் சொல்றன். உடம்பு அதிரினலினை கலங்களில இரிக்கிற அல்பா, பீட்டா எண்ட ரெண்டு வகை வாங்கிகளால உணருது எண்டு 1948 இல் அமெரிக்காவில றேமண்ட் அல்குவிஸ்ட் எழுதினார். அப்ப அதைப் பெரிசாக் கணக்கெடுத்தவங்க குறைவு. கணக்கெடுத்தவர் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக். அவர் மனித வைத்தியம் படிச்சவர். சிங்கப்பூரில படிப்பிச்சிட்டு வந்து, கிளாஸ்கோ மிருக வைத்தியக் கல்லூரியில உடற்றொழிலியல் பகுதியைக் கட்டியெழுப்பி, 1958 இல் ஐசிஐ எண்ட பிரித்தானிய இரசாயனக் கம்பெனியில சேர்ந்தார். அவர் தேடினது நெஞ்சுவலிக்கு மருந்து. இதயத்துக்குப் போற ஒட்சிசனைக் கூட்ட முடியாட்டி, இதயம் கேக்கிற ஒட்சிசனைக் குறைப்பம் எண்டதுதான் அவர்ர யோசனை. முதல்ல வந்த புரொநெத்தலோல் சுண்டெலிகளில தைமசுச் சுரப்பியில கட்டி உண்டாக்கினதால கைவிடப்பட்டது. அடுத்து 1964 இல் புரொப்பிரனலோல் வந்தது. 1988 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது.

இனி அந்தப் புள்ளைர கேள்வி. சுகமான விலங்குக்குத் துடிப்புப் பிசகாது, அது மெய்தான். அதால ஆய்வாளர்தான் பிசகை உண்டாக்க வேணும். உண்டாக்கிற வழிகள் கன இரிக்கு, ஒவ்வொரு வழியும் மருந்தைப் பற்றி ஒவ்வொரு கதை சொல்லும்.

ஒரு வழி, நாயை மயக்கி அதிரினலின் ஏத்துறது. குளோரபோம், ஹலோத்தேன் போன்ற மயக்க மருந்துகள் இதயத்தை அதிரினலினுக்குக் கூச்சமாக்கும். கொஞ்சம் ஏத்தினாலே இதயவறையில இருந்து தாறுமாறாத் துடிப்புக் கிளம்பும். இதில பீட்டா தடுப்பி அருமையா வேலை செய்யும். செய்யாம விட்டால்தான் அதிசயம்! பிசகை உண்டாக்கினதே அதிரினலின், மருந்து மறிக்கிறதும் அதிரினலினைத்தான். ஒரு மருந்து பீட்டா வாங்கியை மறிக்குதா எண்டு அறிய இந்தச் சோதனை நல்லது. மாரடைப்பு வந்த மனிசரைக் காப்பாத்துமா எண்டு இது சொல்லாது.

அடுத்த வழி ஊவபெயின். ஆபிரிக்க வேடர் அம்பு முனையில தடவின நஞ்சு, டிஜொக்சின் எண்ட இதய மருந்தின்ர குடும்பம். கினிப்பன்றிக்கு இதை மெல்ல மெல்ல ஏத்தினால் துடிப்புக் குழம்பி, கடைசியில இதயவறை நடுக்கம் வந்து செத்துப்போகும். துடிப்புப் பிசகு மருந்துகளை நாலு வகுப்பாப் பிரிச்ச ஒக்ஸ்போட்டின் வோகன் வில்லியம்ஸ் இந்தக் கினிப்பன்றிச் சோதனையை நல்லாப் பயன்படுத்தினவர். புரொப்பிரனலோல் குடுத்த கினிப்பன்றிகள் கூடுதலான ஊவபெயினைத் தாங்கின. எல்லாரும் சந்தோசப்பட்டாங்க.

ஆனா புரொப்பிரனலோல் மூலக்கூறுக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் எண்டு ரெண்டு இரிக்கு. பீட்டா வாங்கியை மறிக்கிறது இடக்கை வடிவம். வலக்கை வடிவத்துக்கு அந்த வலு மிகச் சொற்பம். வலக்கை வடிவத்தை மட்டும் குடுத்துப் பார்த்தபோதும் ஊவபெயின் பிசகு அடங்கினது. அப்ப அடக்கினது பீட்டா மறிப்பில்ல. கூடின அளவில புரொப்பிரனலோல் கலச்சுவரின் சோடியம் வாய்க்கால்களையும் அடைக்கும், விறைக்கப் போடுற லிக்னொகெயின் செய்யிற மாதிரி. கினிப்பன்றியைக் காப்பாத்தினதில பெரும்பங்கு அந்த வேலைக்குத்தான். மனிசர் குடிக்கிற குளிசை அளவில அந்த விளைவு பெரும்பாலும் கணக்கில வராது. ஒரே மருந்து, ஒரே விலங்கு, நல்ல முடிவு, ஆனா காரணம் வேற. இதை வகுப்பில கட்டாயம் சொல்லுங்க டீச்சர்.

மற்ற வழிகளை நாளைக்கு எழுதுறன்.

படுவான்கரை மிருக வைத்தியர் | திங்கள் காலை 6.05

வாவிக்கரையான் தம்பி சொன்னதோட ஒண்டைச் சேர்க்கிறன். சுகமான நாய்க்குத் துடிப்பு ஒழுங்கா இரிக்கும் எண்டு நினைக்கிறதே முழுச் சரியில்ல. நாயின்ர இடது முழங்கைக்குப் பின்னால ஸ்டெதஸ்கோப்பை வைச்சுக் கேளுங்க. மூச்சு இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், விடும்போது பிந்தும். சில நாய்க்கு இடைவெளி நீண்டுபோய், நிண்டுட்டுது எண்டு கேக்கிறவருக்குப் பயமா இரிக்கும். அது வருத்தமில்ல. நாய் அமைதியா இரிக்கையில அதன்ர இதயத்தை ஆளுறது துடிப்பை மெதுவாக்கிற வேகசு நரம்பு. அப்ப அதிரினலினுக்கு அங்க வேலை குறைவு. அந்த நேரம் பீட்டா தடுப்பி குடுத்துப் பார்க்கிறது மழையில்லாத நாளில குடையைச் சோதிக்கிற மாதிரி. ஓடவிட்டு, பயப்படுத்தி, அல்லது நோயாக்கினால்தான் மருந்தின்ர குணம் தெரியும்.

எங்கட பக்கத்தில ஆடு மாடு அலரி இலை தின்டுட்டுது எண்டு கூப்பிடுவாங்க, வேலிக்கு வெட்டிப் போட்ட கொப்புக் காய்ஞ்சு கிடக்கிற நேரத்தில கூட. போய்ப் பார்த்தால் வாயில நுரை, காது குளிர், நெஞ்சில துடிப்பு ரெண்டு அடிச்சு ஒண்டு விடும், பிறகு விறுவிறெண்டு ஓடும், பிறகு விடும். அலரியின்ர நஞ்சும் ஊவபெயின் குடும்பம்தான். கால்நடை நூல்களில அற்றோப்பீனும் எழுதியிரிக்கு, புரொப்பிரனலோலும் எழுதியிரிக்கு. ஒண்டு துடிப்பை ஏத்துறது, மற்றது இறக்குறது! ஈசிஜி இல்லாம மாட்டுப்பட்டியில நிண்டு எதைக் குடுக்கிறது எண்டு யோசிச்சுப் பாருங்க. நான் கரியைக் குடுத்து, நிழலில கட்டி, ஓடவிடாம வைச்சிருப்பன். புரொப்பிரனலோலைத் தொடமாட்டன்.

வார்ட் 6 தாதி | திங்கள் மதியம் 1.30

டொக்டர் சொன்னதை வாசிச்சதும் எழுத வேணும் போல இரிந்தது. மஞ்சள் அலரி நஞ்சு எங்கட வடக்கு கிழக்கு ஆஸ்பத்திரிகளுக்குப் புதுசில்ல. வாறவங்களில கனபேர் இளம் புள்ளைகள், அதுக்கு முதல் இதயத்தில ஒரு குறையும் இல்லாதவங்க. மொனிட்டரில நாங்க பெரும்பாலும் பார்க்கிறது துடிப்பு மெதுவாகிறதும், சோணையறையில இருந்து இதயவறைக்குச் செய்தி போகாம அடைபடுறதும். விறுவிறெண்டு ஓடுற பிசகு ஒப்பீட்டில குறைவு. இலங்கையில செய்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டினது. அதால அற்றோப்பீன், தேவைப்பட்டால் தற்காலிகப் பேஸ்மேக்கர், கிடைச்சால் டிஜொக்சினுக்கு எதிரான பிறபொருளெதிரி. பீட்டா தடுப்பி குடுத்தால் அடைபட்ட வழி இன்னும் அடைபடும்.

கினிப்பன்றியில அதே நஞ்சுக் குடும்பத்துக்குப் புரொப்பிரனலோல் உதவினது எண்டு வாசிக்கும்போது எனக்கு மேல் சிலிர்க்குது. அந்தக் கட்டுரையை மட்டும் படிச்ச ஒருவர் எங்கட வார்ட்டில வந்து நிண்டால் என்ன நடக்கும்?

நெறியாளர் | திங்கள் மதியம் 2.10

பயனுள்ள இழை, தொடருங்கள். ஒரு வேண்டுகோள்: அலரி நஞ்சைப் பற்றி எழுதும்போது அளவு, எண்ணிக்கை எதையும் ஒருவரும் எழுத வேண்டாம். மனம் நொந்து போய் இதை வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுத்துத் தமிழில் கதைக்கலாம். தயவுசெய்து எடுங்கள்.

உயிர்நேயன் | திங்கள் மாலை 5.45

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். காரணம் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது, விலங்கு செத்தது, நோயாளிக்கும் அது பொருந்தவில்லை. பிறகு ஏன் இந்தச் சோதனை? பிராக்டலோல் என்ற பீட்டா தடுப்பியை எடுங்கள். 1970 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் எல்லா விலங்குச் சோதனைகளையும் தாண்டியது. பிறகு நோயாளிகளுக்குக் கண் வறண்டு பார்வை போனது, தோல் தடித்தது, வயிற்றறையின் உட்சவ்வு இறுகிக் குடல் அடைபட்டது. 1975 இல் குளிசையை நிறுத்தினார்கள். நடந்தது தெரிந்த பிறகு திரும்ப விலங்குகளில் அதை உண்டாக்கப் பார்த்தும் வரவில்லை. எந்த நாயும் எந்த எலியும் அந்த மக்களைக் காப்பாற்றவில்லை.

உயிரை உயிராகப் பார்க்கிற ஊர் நம்முடையது. நெஞ்சைப் பிளந்து நாடியைக் கட்டுவதை அறிவு என்று என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க என்னால் முடியாது.

வாவிக்கரையான் | திங்கள் இரவு 9.20

உயிர்நேயன் அண்ணன், பிராக்டலோல் பற்றி நீங்க எழுதினது எல்லாம் சரி. அதை மறைச்சு ஒருவரும் மருந்தியல் படிப்பிக்கக் கூடாது. ஆனா அதிலயிருந்து "சோதனையே வேணாம்" எண்ட முடிவுக்குப் போக என்னால ஏலாது. மிச்ச வழிகளைச் சொன்னால் ஏன் எண்டு விளங்கும்.

1950 இல் ஹரிஸ் எண்டவர் நாயின் இதயத் தசைக்கு இரத்தம் குடுக்கிற முடியுருநாடியை ரெண்டு கட்டமாக் கட்டினார். முதல்ல அரைவாசி இறுக்கி, அரை மணித்தியாலம் கழிச்சு முழுசா. ஒரேயடியாக் கட்டினால் கன நாய்கள் உடனேயே இதயவறை நடுக்கத்தில செத்துப்போகும். இப்படிக் கட்டினால் தப்பும். அடுத்த நாள் நாய் முழிச்சு நிக்கும், ஆனா துடிப்பு பெரும்பாலும் செத்த தசைப்பகுதியின்ர ஓரத்தில இருந்து தாறுமாறாக் கிளம்பும். ரெண்டு மூணு நாளில அடங்கும். இந்தப் பிசகில பீட்டா தடுப்பிக்கு பெரிசா வலு இல்ல. புரொப்பிரனலோலைக் கூட்டிக் குடுத்தால்தான் அடங்கும், அதுவும் நான் நேத்துச் சொன்ன சோடியம் வாய்க்கால் கதையாலதான். இந்தச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் பீட்டா தடுப்பியை வீசியிருப்பாங்க.

பிறகு 1984 இல் சுவாட்ஸ், பில்மன், ஸ்டோன் மூவரும் எழுதின நாய்ச் சோதனை. என்ர மனசில இதுக்குத் தனி இடம். முதல்ல ஒரு நாடியைக் கட்டி, சின்ன மாரடைப்பு உண்டாக்கி, புண் ஆறவிட்டாங்க. ஆறின பிறகு நாயை மயக்காம, ஓடுபட்டியில ஓடவிட்டு, ஓட்டத்தின் கடைசி நிமிசத்தில இன்னொரு நாடியை ரெண்டு நிமிசம் மறிச்சாங்க. சில நாய்க்கு இதயவறை நடுக்கம் வந்தது, சிலதுக்கு வரவேயில்ல. வராத நாய்களில வேகசு நரம்பின் பிடி நல்ல பலமா இரிந்தது. நடுக்கம் வந்த நாய்களுக்குப் புரொப்பிரனலோல் குடுத்துத் திரும்ப ஓடவிட்டபோது கனக்கத் தப்பினது. பழைய தழும்பு, ஓடுற நெஞ்சு, அதிரினலின், திடீரெண்டு மறிபட்ட இரத்தம்: சந்தைக்குப் போற வழியில விழுந்து சாகிற மனிசருக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடக்குது. படுவான்கரை டொக்டர் சொன்ன "ஓடவிட்டுப் பார்க்க வேணும்" எண்டது இதுதான்.

ஆனா இதைக் கவனியுங்க அண்ணன். மனிசரில ஆதாரம் இதுக்கு முதலே வந்திட்டுது. 1981 இல் நோர்வேயில மாரடைப்பில தப்பின 1884 பேரில டிமொலோல் எண்ட பீட்டா தடுப்பியைச் சோதிச்சாங்க, திடீர் மரணம் நல்லாக் குறைஞ்சது. 1982 இல் அமெரிக்காவில 3837 பேரில புரொப்பிரனலோல். குளிசை எடுத்தவங்களில 7.2 வீதம் பேர் இறந்தாங்க, மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவங்களில 9.8 வீதம். நன்மை தெளிவாத் தெரிஞ்சதால முன்கூட்டியே நிறுத்தினாங்க. நாய் அதுக்குப் பிறகு "ஏன்" எண்டதைத்தான் சொன்னது. தீர்ப்புச் சொன்னது மனிசரில செய்த சோதனை.

தீர்ப்பு மறுபக்கமும் விழும். பிளெக்கனைட், என்கனைட் ரெண்டும் தாறுமாறான துடிப்பை அழகா அடக்கின மருந்துகள். 1989 இல் மாரடைப்பு வந்தவங்களுக்குக் குடுத்துப் பார்த்தால், துடிப்பு அடங்கினது, சாவு கூடினது. சோட்டலோல் எண்ட பீட்டா தடுப்பியில இருந்து பீட்டா வேலையைக் கழட்டி, வலக்கை வடிவத்தை மட்டும் எடுத்து மாரடைப்புக்குப் பிறகு குடுத்தாங்க. 1996 இல் வந்த முடிவில அங்கயும் சாவு கூடினது. ஈசிஜிப் பேப்பர் அழகானதை வைச்சு ஆள் தப்பும் எண்டு சொல்ல ஏலாது எண்டு இந்த ரெண்டும் எனக்குக் காட்டினது.

காத்தான்குடி நானா | செவ்வாய் காலை 7.15

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நீங்க பெரிய விசயம் கதைக்கிறீங்க, எனக்குச் சின்னக் கேள்வி. என்ட ராத்தாட மகன் கடலில குதிச்சு நீந்தும்போது மயங்கிட்டான். பக்கத்தில ஆக்கள் இரிந்ததால அல்லாஹ் காப்பாத்தினான். முதல்ல வலிப்பு எண்டு மருந்து குடுத்தாங்க. பிறகு ஒரு டொக்டர் ஈசிஜியைப் பார்த்து கியூடி நீளம், துடிச்ச இதயம் ஓய்வுக்குத் திரும்பச் சுணங்குது எண்டு சொல்லி, பீட்டா தடுப்பி எழுதினார். சின்னப் புள்ளைக்கு பிரஷர் குளிசையா எண்டு உம்மாக்குப் பயம். நிப்பாட்டலாமா? இதையும் எலியில சோதிச்சதா?

வார்ட் 6 தாதி | செவ்வாய் காலை 8.00

நானா, கையெடுத்துக் கேக்கிறன், நிப்பாட்டவே வேணாம். பீட்டா தடுப்பியைச் சட்டெண்டு நிப்பாட்டினால் அடங்கியிரிந்த வாங்கிகள் அதிரினலினுக்குக் கூடுதலாத் துள்ளும். ஒரு நேரம் விட்டுப்போனாலும் அந்தப் புள்ளைக்கு ஆபத்து. குளிசை முடியிறதுக்கு முதலே வாங்கி வையுங்க. டொக்டர் சொல்லும் வரைக்கும் நீந்த விடாதீங்க. புள்ளைக்கு மூச்சிழுப்பு இரிந்தால் கிளினிக்கில கட்டாயம் சொல்லுங்க, சில பீட்டா தடுப்பி மூச்சுக்குழாயை இறுக்கும். ராத்தா, மச்சான், மற்றப் புள்ளைகள் எல்லாரும் ஒருக்கா ஈசிஜி எடுங்க. இது குடும்பத்தில ஓடுற வருத்தம்.

வாவிக்கரையான் | செவ்வாய் காலை 8.50

நானா, தாதி அக்கா சொன்னதுதான் முக்கியம், அதை முதல்ல செய்யுங்க. எலிக் கேள்விக்குப் பதில் சொல்றன்.

கியூடி நீளத்துக்குச் சாதாரண சுண்டெலி நல்ல சாட்சியில்ல. அதன்ர இதயம் நிமிசத்துக்கு 500, 600 தரம் துடிக்கும். துடிப்பு முடிஞ்சு ஓய்வுக்குத் திரும்ப எங்கட இதயம் நம்பியிரிக்கிற பொற்றாசியம் ஓட்டங்கள் வளர்ந்த சுண்டெலியில பெரிசா வேலை செய்யாது. அதால கினிப்பன்றி, முயல், நாய் எண்டு போவாங்க. அந்தக் கினிப்பன்றி நாடியைக் கட்டுற சோதனைக்கு உதவாது. அதுக்குப் பக்கக் குழாய்கள் நிறைய, கட்டினாலும் இதயத் தசை சாகிறதில்ல. எந்த விலங்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது.

ஆனா இன்னொரு பரம்பரை வருத்தம் இரிக்கு. ஈசிஜி ஓய்வில சுத்தமா இரிக்கும், ஓடினாலோ பயந்தாலோ மயங்கி விழுவாங்க. இதயக் கலத்துக்குள்ள இரிக்கிற சேமிப்பறையில இருந்து கல்சியம் ஒழுகிறதால வாறது. அதே மரபணுப் பிழை உள்ள சுண்டெலிகளை உண்டாக்கி, 2009 இல் பிளெக்கனைட் அந்த ஒழுக்கால வாற பிசகை அடக்கும் எண்டு கண்டாங்க. பீட்டா தடுப்பி மட்டும் போதாத நோயாளிகளுக்கு இப்ப அதையும் சேர்த்துக் குடுக்கிறாங்க. 1989 இல் மாரடைப்புக்காரரைச் சாகடிச்ச அதே பிளெக்கனைட்! பிசகின்ர வேர் வேற எண்டால் மருந்தின்ர குணமும் வேற.

உங்கட மருமகனுக்கு எழுதின பீட்டா தடுப்பி எது எண்டு பாருங்க. கியூடி நீளத்துக்கு புரொப்பிரனலோல், நடலோல் ரெண்டும் மெற்றோபுரலோலை விட நல்லாக் காப்பாத்தும் எண்டு நோயாளிகளில பார்த்திரிக்கிறாங்க. மாத்துறதா இல்லையா எண்டதை டொக்டரிட்டக் கேளுங்க.

உயிர்நேயன் | செவ்வாய் மாலை 6.30

நானாவின் மருமகன் நலமாக இருக்க வேண்டும். நான் சொன்னதில் இருந்து பின்வாங்கவில்லை, ஆனால் ஒன்றை ஏற்கிறேன்: அந்தப் பிள்ளைக்குக் குளிசை கிடைத்தது நல்லது. என் கேள்வி இனிமேலுக்கானது. 1959 இலேயே ரசலும் பேர்ச்சும் விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று எழுதிவிட்டார்கள். மனிதக் குருத்துக் கலங்களில் இருந்து துடிக்கிற இதயக் கலங்களைக் கிண்ணத்தில் வளர்க்கிறார்கள். விலங்குச் சோதனை கட்டாயம் என்ற சட்ட வரியை அமெரிக்கா 2022 இன் கடைசியில் தளர்த்தியது. எங்கள் நாட்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. இதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

வாவிக்கரையான் | செவ்வாய் இரவு 8.05

அண்ணன், இதில உங்களோட நிக்கிறன். கிண்ணத்துக் கலம் சோடியம், பொற்றாசியம் வாய்க்கால் கேள்விக்கு நல்லாப் பதில் சொல்லும், கினிப்பன்றியை விடவும் நல்லா. ஒரு மருந்தை அங்க வடிகட்டாம நேரா நாயிட்டக் கொண்டு போறவருக்கு அனுமதி குடுக்கக் கூடாது. ஆனா கிண்ணத்தில வேகசு நரம்பு இல்ல, தழும்பு இல்ல, பயம் இல்ல. பீட்டா தடுப்பியின்ர வேலை முழுக்க அங்கதான் இரிக்கு. அந்தக் கேள்விக்கு மட்டும் இப்போதைக்கு உயிருள்ள இதயம் தேவைப்படுது. 1907 சட்டத்தை மாத்த வேணும் எண்டு நீங்க மனு எழுதினால் என்ர கையெழுத்தும் சேரும்.

கல்முனை டீச்சர் | செவ்வாய் இரவு 9.00

எல்லாருக்கும் மனம் நிறைஞ்ச நன்றி. இண்டைக்கு வகுப்பில ஊவபெயின் கதையையும் வலக்கை வடிவத்தையும் சொன்னன். அந்தப் புள்ள விடல்ல. "அப்ப நாயின்ர ஈசிஜி எப்படி இரிக்கும், பார்க்க ஏலுமா?" எண்டு கேக்கிறா. படுவான்கரை டொக்டர், நாய்க்கு நோகாம எடுக்கலாமா?

படுவான்கரை மிருக வைத்தியர் | புதன் காலை 5.50

எடுக்கலாம் டீச்சர். ஊசியும் வேணாம், மயக்கவும் வேணாம், முடியையும் மழிக்கத் தேவையில்ல. வலப்பக்கம் சரிச்சுப் படுக்க வைச்சு, கிளிப் போடுற இடத்தில ஸ்பிரிட் தடவினாப் போதும். பழகின நாயாப் பாருங்க, வீட்டுக்காரரும் பக்கத்தில இரிக்க வேணும், இல்லாட்டி அதிரினலின் ஏறி மூச்சோட ஏறி இறங்கிற துடிப்பை நீங்க காணமாட்டீங்க. மெசின் என்னட்ட இரிக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வசதியா எண்டு அதிபரிட்டக் கேட்டுச் சொல்லுங்க. உயிர்நேயன் தம்பியும் வாங்க, நாயைத் தடவிக்கொண்டு நிக்க ஒரு ஆள் வேணும்.

உயிர்நேயன் | புதன் காலை 7.20

வருகிறேன் டொக்டர். எங்கள் வீட்டு நாயையே கூட்டி வருகிறேன்.